எடைக்கு மூளை வைத்திருக்கும் கணக்கு

வளர்ந்த ஒருவர் நாளொன்றுக்கு 2,000 கலோரி சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 7,30,000 கலோரி. உடலில் ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறத்தாழ 7,700 கலோரி மிஞ்ச வேண்டும். அப்படியானால் தினமும் 21 கலோரி, அதாவது கிட்டத்தட்ட ஒரு மேரி பிஸ்கட், கூடுதலாக உள்ளே போனாலே ஆண்டுக்கு ஒரு கிலோ ஏறிவிட வேண்டும். இது முரட்டுக் கணக்குதான். எடை கூடக் கூட உடலின் செலவும் கூடும். ஆனாலும் நூற்றுக்கு ஒன்று என்ற துல்லியத்தில் யாரும் எண்ணிச் சாப்பிடுவதில்லை. ஒரு நாள் கல்யாணச் சாப்பாடு, ஒரு நாள் விரதம், நடுவில் காய்ச்சலில் கஞ்சி என்று மாறிக்கொண்டே இருந்தும் பெரும்பாலோரின் எடை மாதக்கணக்கில் ஓரிரு கிலோவுக்குள்ளேயே நிற்கிறது. எண்ணுவது யார்?

இதற்கு நேர் எதிரான கேள்வியும் உண்டு. அவ்வளவு நுணுக்கமாக எண்ணும் ஒன்று உடலுக்குள் இருக்கிறதென்றால், உலகெங்கும் எடை ஏறிக்கொண்டே போவது எப்படி? இளைத்தவர்களில் பலர் சில ஆண்டுகளில் பழைய எடைக்கே திரும்பிவிடுவது ஏன்?

இரண்டையும் பிணைக்கும் விடையை நரம்பியல் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்திருக்கிறது. மூளை கணக்கு வைக்கிறது. ஆனால் நடுநிலையாக வைப்பதில்லை. குறைவைக் கண்டால் பதறுகிறது, மிகுதியைக் கண்டால் பெரும்பாலும் பொறுத்துக்கொள்கிறது. இந்தச் சாய்வைப் புரிந்துகொள்ளாமல் பருமனைப் பற்றிப் பேசும் எதுவும், அறிவுரையானாலும் மருந்தானாலும், பாதியில் நின்றுவிடும்.

மையம் தேடிய காலம்

பசிக்கு மூளையில் ஓர் இடம் உண்டு என்ற எண்ணம் நோயாளிகளிடமிருந்து வந்தது. 1901இல் வியன்னாவில் ஆல்ஃபிரட் ஃப்ரோலிக் என்ற மருத்துவர், பிட்யூட்டரிச் சுரப்பிப் பகுதியில் கட்டி வளர்ந்து வேகமாகப் பருத்த ஒரு சிறுவனைப் பற்றி எழுதினார். குற்றம் சுரப்பியினுடையதா, அதற்கு மேலே ஒட்டியிருக்கும் ஹைப்போதலாமஸினுடையதா என்ற வழக்கு நாற்பது ஆண்டுகள் நடந்தது. 1940இல் அமெரிக்காவில் ஹெதரிங்டனும் ரான்சனும் எலிகளின் பிட்யூட்டரியைத் தொடாமல் ஹைப்போதலாமஸின் கீழ் நடுப்பகுதியை மட்டும் சிதைத்தார்கள். எலிகள் உருண்டு திரண்டன. வழக்கு முடிந்தது.

அடுத்த பெரிய அடியை வைத்தவர் இந்தியர். பால் கிருஷ்ண ஆனந்த், யேல் பல்கலைக்கழகத்தில் ஜான் பிரோபெக்குடன் வேலை செய்தபோது, ஹைப்போதலாமஸின் இரு பக்கவாட்டிலும் சிறு பகுதியை அழித்தால் எலி சாப்பிடுவதையே நிறுத்திவிடுவதைக் கண்டார். உணவு மூக்கின் முன்னே கிடக்க, எலி பட்டினியால் சாகும். 1951இல் வெளிவந்த இந்த ஆய்வுக்குப் பிறகு பாடநூல்களில் ஒரு சமன்பாடு இடம்பிடித்தது: பக்கவாட்டில் பசி மையம், நடுவில் நிறைவு மையம். ஆனந்த் இந்தியா திரும்பி, தில்லி எய்ம்ஸில் உடலியங்கியல் துறையைக் கட்டி எழுப்பினார். இரத்தத்தில் குளுக்கோஸ் ஏறி இறங்கும்போது இந்த மையங்களின் மின்துடிப்பு எப்படி மாறுகிறது என்று அவரது குழு 1960களில் பதிவு செய்தது.

இரட்டை மையக் கோட்பாடு எளிமையானது. அந்த எளிமையே அதன் பலவீனமும் ஆயிற்று. சாப்பாட்டை நிறுத்திய எலிகளுக்குக் குழாய் வழியாக உணவு செலுத்தி உயிரோடு வைத்திருந்தால், சில வாரங்களில் அவற்றில் பல தாமே சாப்பிடத் தொடங்கின. மையமே போய்விட்டதென்றால் பசி எப்படித் திரும்பியது? 1971இல் ஸ்வீடனின் உங்கர்ஸ்டெட் இன்னொரு சந்தேகத்தைக் கிளப்பினார். ஹைப்போதலாமஸை விட்டுவிட்டு, அதன் ஓரமாகக் கடந்து செல்லும் டோபமைன் இழைகளை மட்டும் அழித்தாலும் எலி சாப்பிடுவதில்லை. பழைய ஆய்வுகளில் கருவியின் முனை அழித்தது ஊரை மட்டுமல்ல, ஊர் வழியே போன நெடுஞ்சாலையையும்தான். மையம் என்று எதைச் சொல்வது என்ற தெளிவு குலைந்தது. மூளை எங்கே எண்ணுகிறது என்பதைவிட, எதை எண்ணுகிறது என்ற கேள்வி முன்னுக்கு வந்தது.

இரத்தத்தில் ஓடிய சேதி

1953இல் கோர்டன் கென்னடி ஒரு விடை சொன்னார்: மூளை எண்ணுவது கொழுப்பை. உடலின் கொழுப்புக் கிடங்கு தன் இருப்பை ஏதோ ஒரு பொருள் மூலம் இரத்தத்தில் அறிவிக்கிறது. ஹைப்போதலாமஸ் அதைப் படிக்கிறது. அந்தப் பொருள் எது என்று அவருக்குத் தெரியாது. அது இருக்கத்தான் வேண்டும் என்பதை நிறுவியது ஒரு விசித்திரமான அறுவைமுறை: இரண்டு விலங்குகளின் பக்கவாட்டுத் தோலைச் சேர்த்துத் தைத்து, ஒன்றின் இரத்தம் மற்றதற்குள் சிறிதளவு கலக்கும்படி செய்வது.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்ற கடலோர ஊரில் இருக்கும் ஜாக்சன் ஆய்வகம் எலி வளர்ப்புக்குப் பேர்போனது. அங்கே தற்செயலான மரபணுப் பிறழ்வால் இரண்டு வகைப் பருத்த சுண்டெலிகள் தோன்றியிருந்தன. ஒன்றுக்கு ‘ஓபி’ என்று பெயர், மற்றதற்கு ‘டிபி’. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. ஓயாத பசி, அளவில்லாத பருமன். டக்ளஸ் கோல்மன் இவற்றை ஒட்டித் தைத்துப் பார்த்தார்.

டிபி எலியைச் சாதாரண எலியோடு இணைத்தபோது, சாதாரண எலி சாப்பாட்டை விட்டு மெலிந்து இறந்தது. டிபி எலிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓபி எலியைச் சாதாரண எலியோடு இணைத்தபோது, ஓபி எலியின் தீனி குறைந்தது, எடை ஏற்றம் தணிந்தது. மூன்றாவதாக இரண்டு குண்டு எலிகளையும் இணைத்தார். ஓபி எலி பட்டினியில் செத்தது. டிபி எலி தின்றுகொண்டே இருந்தது. 1973இல் கோல்மன் முன்வைத்த விளக்கத்தைத் தவிர வேறு எதுவும் இதற்குப் பொருந்தவில்லை. ஓபி எலியால் ‘போதும்’ என்னும் சேதியை உண்டாக்க முடியவில்லை. வேறொன்றிடமிருந்து வந்தால் அதைக் கேட்கிறது. டிபி எலி அந்தச் சேதியை ஏராளமாக உண்டாக்குகிறது. அதன் மூளைக்குத்தான் காது இல்லை.

அந்தச் சேதியைக் கையில் பிடிக்க இன்னும் இருபது ஆண்டுகள் ஆயின. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு எட்டாண்டு தேடலுக்குப் பின் ஓபி மரபணுவைப் பிரித்தெடுத்து, 1994 டிசம்பரில் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டது. கொழுப்புச் செல்கள் சுரக்கும் அந்த ஹார்மோனுக்கு லெப்டின் என்று பெயரிட்டார்கள். அடுத்த ஆண்டே அதற்கான ஏற்பியும் கிடைத்தது. டிபி எலியில் பழுதாகியிருந்தது அதுதான். கோல்மன் சொன்னது வரிக்கு வரி சரியாக இருந்தது. 2010இல் இருவருக்கும் லாஸ்கர் விருது சேர்த்தே வழங்கப்பட்டது.

மருந்தாகி வென்றதும் தோற்றதும்

எலியில் நடந்தது மனிதரிலும் நடக்குமா? கேம்பிரிட்ஜில் ஸ்டீஃபன் ஓராஹிலியும் சதஃப் ஃபரூக்கியும் சேர்ந்த குழு 1997இல் அதற்கு விடை கண்டது. நெருங்கிய உறவுக்குள் திருமணம் நடந்துவந்த ஒரு குடும்பத்தில், உறவுமுறையில் இணைந்த இரண்டு குழந்தைகளின் உடலில் லெப்டின் ஏறக்குறைய இல்லை. எட்டு வயதுச் சிறுமியின் எடை 86 கிலோ. இரண்டு வயதுப் பையனின் எடை 29 கிலோ. இருவரும் பிறக்கும்போது சாதாரண எடையோடுதான் பிறந்தார்கள். அந்தச் சிறுமிக்கு ஒன்பது வயதானபோது தினமும் லெப்டின் ஊசி போடத் தொடங்கினார்கள். சாப்பாட்டில் எந்தக் கட்டுப்பாடும் விதிக்கவில்லை. சில நாட்களிலேயே பசி தணிந்தது. 94 கிலோவைத் தாண்டியிருந்த எடையில், ஓராண்டில் 16 கிலோவுக்கு மேல் குறைந்தது.

‘வாயைக் கட்டத் தெரியாத பிள்ளை’ என்று ஊரார் சொல்லியிருக்கக்கூடிய ஒரு குழந்தைக்கு, குறைந்தது வாய்க்கட்டு அல்ல, ஒரு புரதம். பருமனை ஒழுக்கக் குறைவாகப் பார்த்த நெடுங்காலப் பழக்கத்துக்கு இதைவிட நேரடியான மறுப்பு மருத்துவத்தில் இல்லை.

ஆனால் இதே மருந்து பொதுவான பருமனில் கைவிட்டுவிட்டது. ஓபி மரபணுவின் உரிமத்துக்கு ஆம்ஜென் நிறுவனம் 2 கோடி டாலர் முன்பணம் கொடுத்திருந்தது. 1999இல் வெளிவந்த சோதனையில், அதிக அளவு லெப்டின் போட்டுக்கொண்ட சிலருக்கு எடை குறைந்தது. பெரும்பாலோருக்குச் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் நடக்கவில்லை. பருத்தவர்களின் இரத்தத்தில் லெப்டின் குறைவாக இல்லை, மிகுதியாக இருக்கிறது. கிடங்கு பெரிது, அறிவிப்பும் பெரிது. மூளைதான் அதற்கு மசியவில்லை.

இதை விளக்கும் சாவி 1996லேயே வந்திருந்தது. எலிகளைப் பட்டினி போட்டால் லெப்டின் சட்டென விழுகிறது. இனப்பெருக்க ஹார்மோன்களும் தைராய்டும் தணிகின்றன. விழாதபடி வெளியிலிருந்து லெப்டின் கொடுத்தால் அந்த மாற்றங்கள் பெருமளவு நிகழ்வதில்லை என்று அஹிமாவும் ஃப்ளையரும் காட்டினார்கள். லெப்டினின் முதல் வேலை ‘போதும்’ என்று சொல்வதல்ல. அது குறையும்போது ‘ஆபத்து’ என்று மூளைக்குத் தெரிவிப்பது. குறைந்தபட்ச இருப்புக்குக் கீழே போனால் குறுஞ்செய்திமேல் குறுஞ்செய்தி அனுப்பும் வங்கி, இருப்பு ஏறினால் வாய் திறக்காததுபோல.

எதிரெதிர் நரம்பணுக்கள்

லெப்டின் சேரும் முக்கிய இடம், ஹைப்போதலாமஸின் அடித்தளத்தில் இருக்கும் ஆர்க்குவேட் என்ற சிறு திரள். அதையொட்டிய பகுதியில் இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலான தடுப்பு தளர்வாக இருப்பதால் ஹார்மோன்கள் அங்கே எளிதில் எட்டுகின்றன. அங்கே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வகை நரம்பணுக்கள் இருக்கின்றன. பிஓஎம்சி வகை, மெலனோகார்ட்டின்-4 என்ற ஏற்பியைத் தூண்டி உணவைக் குறைக்கிறது. ஏஜிஆர்பி வகை அதே ஏற்பியை அடக்கி உணவைக் கூட்டுகிறது. லெப்டின் முதல் வகையை ஊக்கி, இரண்டாவதை அடக்குகிறது.

இந்த வழித்தடம் மனிதரிலும் அப்படியே இருக்கிறது என்பதற்கு மரபணுக்களே சாட்சி. பிஓஎம்சி மரபணு இரு பிரதியிலும் பழுதான குழந்தைகள் சிறு வயதிலேயே பருக்கிறார்கள். அவர்களுக்கு அட்ரீனல் ஹார்மோனும் குறைவு. முதலில் கண்டறியப்பட்ட குழந்தைகளின் தலைமுடி செம்பட்டையாக இருந்தது. அதே மரபணுவிலிருந்து வரும் பொருள்தான் நிறமியையும் ஆள்கிறது. மெலனோகார்ட்டின்-4 ஏற்பியில் பிறழ்வு இருப்பது இன்னும் பரவலானது. சிறு வயதிலேயே கடுமையாகப் பருத்தவர்களில் சுமார் 5 விழுக்காட்டினருக்கு அது இருப்பதாக பிரிட்டனில் கண்டார்கள்.

ஏஜிஆர்பி நரம்பணுக்களின் வலிமை பலரை வியக்கவைத்தது. 2005இல் சியாட்டிலில் ரிச்சர்ட் பால்மிட்டரின் ஆய்வகம், வளர்ந்த எலிகளில் இவற்றை மட்டும் அழித்தது. எலிகள் உணவைத் தொடாமல் மெலிந்தன. பிறந்த சில நாட்களில் அழித்தாலோ பெரிய பாதிப்பு இல்லை. வளரும் மூளை மாற்றுவழி கண்டுபிடித்துக்கொள்கிறது. 2011இல் ஸ்காட் ஸ்டெர்ன்சனின் குழு மெல்லிய கண்ணாடி இழை வழியாக ஒளி பாய்ச்சி இந்த நரம்பணுக்களை மட்டும் தூண்டியது. வயிறு நிறையத் தின்றிருந்த எலிகள் சில நிமிடங்களில் மறுபடியும் தின்னத் தொடங்கின. இந்தத் தூண்டல் எலிக்கு இன்பமானதல்ல. அது நிகழ்ந்த இடத்தையும் அதோடு சேர்ந்து வந்த சுவையையும் எலி தவிர்க்கக் கற்றுக்கொள்கிறது. பசி என்பது ஓர் உபாதை. சாப்பிடுவது அதிலிருந்து கிடைக்கும் விடுதலை.

பாடநூல் கதை இதுவரை நேர்கோட்டில் போனது: கொழுப்பு குறைந்தால் லெப்டின் குறையும், ஏஜிஆர்பி எழும், எலி சாப்பிடும், நரம்பணுக்கள் மெல்ல ஓயும். 2015இல் சான் பிரான்சிஸ்கோவில் சக்கரி நைட்டின் குழு, உயிரோடு நடமாடும் எலியில் இந்த நரம்பணுக்களின் துடிப்பை நொடிக்கு நொடி பதிவு செய்தது. பசித்த எலியின் கூண்டில் உணவை வைத்தார்கள். எலி முதல் வாய் வைக்கும் முன்பே, பார்த்ததும் மோந்ததுமான சில நொடிகளில் ஏஜிஆர்பி துடிப்பு சரிந்தது. ருசியான உணவுக்கு அதிகம் சரிந்தது. கண்ணுக்குத் தெரிந்தும் எட்டாத உணவுக்குக் குறைவாகச் சரிந்தது. உணவை எடுத்துவிட்டால் துடிப்பு திரும்பவும் ஏறியது.

ஆக, இந்த நரம்பணுக்கள் இருப்பைப் படிப்பதோடு நிற்கவில்லை, வரப்போவதையும் கணிக்கின்றன. கணிப்பைச் சரிபார்ப்பது குடல். பின்னர் வந்த ஆய்வுகளில், கலோரி இல்லாத கூழைக் கொடுத்தபோது தணிந்த துடிப்பு சற்று நேரத்தில் மீண்டும் எழுந்தது. கலோரி உள்ளே போனால்தான் தணிந்தே இருந்தது. கண்ணை ஏமாற்றலாம், குடலை ஏமாற்ற முடியாது.

குடலும் மூளைத்தண்டும்

ஒரு வேளைச் சாப்பாடு எப்போது முடிய வேண்டும் என்பது ஹைப்போதலாமஸின் வேலை மட்டுமல்ல. உணவு சிறுகுடலை எட்டியதும் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் சுரந்து, வேகஸ் நரம்பு வழியாக மூளைத்தண்டுக்குச் செய்தி அனுப்புகிறது. அதை எலிகளுக்கு ஊசியாகப் போட்டால் சாப்பாட்டை முன்கூட்டியே முடிக்கின்றன என்று கிப்ஸ், யங், ஸ்மித் மூவரும் 1973இல் காட்டினார்கள். 1978இல் கிரில்லும் நார்கிரனும் இன்னும் துணிந்த சோதனை செய்தார்கள். மேல் மூளையோடு தொடர்பு துண்டிக்கப்பட்ட எலியும், வாயில் விட்ட திரவ உணவை விழுங்கி, வயிறு நிறைந்ததும் மறுக்கிறது. ஆனால் முந்தைய நாள் பட்டினி கிடந்தால், அதற்கு ஈடுகட்டிக் கூடுதலாகச் சாப்பிட அதற்குத் தெரியாது. ஒரு வேளையை முடிக்க மூளைத்தண்டு போதும். நாட்கணக்கை நேர்செய்ய ஹைப்போதலாமஸ் வேண்டும்.

இந்த இரண்டு அடுக்குகளின் உறவை ஒரு சிறு தோல்வி நன்றாகக் காட்டுகிறது. ஒவ்வொரு வேளைக்கும் முன் கோலிசிஸ்டோகைனின் கொடுத்துப் பார்த்தார்கள். எலிகள் வேளைக்குக் குறைவாகச் சாப்பிட்டன, ஆனால் அதிக வேளை சாப்பிட்டன. மொத்தம் பழையபடியே. ஒரு கதவை அடைத்தால் இன்னொன்று திறந்துகொள்ளும் அமைப்பு இது.

எதிர்த்திசையில் செல்லும் தூதுவனும் உண்டு. 1999இல் ஜப்பானில் கொஜிமாவும் கங்காவாவும் கண்டுபிடித்த கிரெலின், வயிற்றிலிருந்து சுரந்து பசியைக் கிளப்புகிறது. உணவு நேரத்துக்கு முன் ஏறி, சாப்பிட்டபின் இறங்குகிறது.

ஹார்மோன்களுக்கு அப்பால் நினைவுக்கும் பங்குண்டு. கடுமையான மறதி நோய் கொண்ட இருவருக்கு மதியச் சாப்பாடு கொடுத்து, சிறிது நேரம் கழித்து மீண்டும் தட்டை வைத்தபோது மறுபடியும் சாப்பிட்டார்கள். மூன்றாவது தட்டையும் பெரும்பாலும் மறுக்கவில்லை. பால் ரோசினும் உடனாளர்களும் 1998இல் வெளியிட்ட ஆய்வு இது. ‘சாப்பிட்டாயிற்று’ என்ற உணர்வில் வயிற்றுக்கு இருக்கும் பங்கு, நாம் நினைப்பதைவிடக் குறைவு.

ருசியின் பங்கு

பந்தியில் வயிறு முட்டிய பிறகும் பாயசத்துக்கு இடம் கிடைக்கிறது. அதைச் செய்வது டோபமைன் சார்ந்த சுற்றுகள். 1995இல் பால்மிட்டரின் ஆய்வகம் டோபமைன் அறவே இல்லாத எலிகளை உருவாக்கியது. பக்கத்தில் தீனி இருந்தும் அவை போதிய அளவு தின்னாமல் சில வாரங்களில் இறந்தன. டோபமைனாக மாறும் மருந்தைக் கொடுத்தால் தின்றன. இனிப்பை நாவில் வைத்தால் அவற்றுக்குப் பிடிக்கத்தான் செய்தது. அதைத் தேடிப் போகும் உந்துதல்தான் இல்லை. விரும்புவது வேறு, ரசிப்பது வேறு என்று மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ் நெடுங்காலமாக வாதிட்டுவந்ததற்கு இது பொருந்தியது.

இந்த உந்துதலைத் தொழிற்சாலை உணவு எவ்வளவு தள்ள முடியும் என்பதற்கு 2019இல் கெவின் ஹால் நடத்திய சோதனை நல்ல அளவுகோல். இருபது பேரை அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் மருத்துவமனையில் நான்கு வாரம் தங்கவைத்தார்கள். இரண்டு வாரம் மிகையாகப் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் எளிய சமையல் உணவு. தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் சமம். எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு வாரங்களில் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போயிற்று. எடை ஏறக்குறைய ஒரு கிலோ ஏறியது. மற்ற வாரங்களில் அதே அளவு இறங்கியது. மனிதர் அதே மனிதர். மாறியது தட்டு மட்டும்.

இளைத்த உடல் என்ன செய்யும்?

மிகுதியை இவ்வளவு எளிதில் அனுமதிக்கும் மூளை, குறைவை எப்படி எதிர்கொள்கிறது? 1944–45இல் மினசோட்டாவில் ஆன்செல் கீஸ் 36 தன்னார்வலர்களை 24 வாரம் அரைப்பட்டினியில் வைத்தார். எடையில் ஏறக்குறைய கால்பங்கு போயிற்று. எப்போதும் உணவைப் பற்றியே நினைத்தார்கள். சமையல் புத்தகங்களைப் புரட்டினார்கள். கட்டுப்பாடு நீங்கியதும் சாப்பிட்டுத் தள்ளி, பழையதைவிட அதிகக் கொழுப்போடு தேறினார்கள்.

1995இல் ராக்ஃபெல்லரில் ருடால்ஃப் லீபல் குழு, எடையில் பத்து விழுக்காடு குறைந்தவர்களின் சக்திச் செலவு, சிறுத்த உடலுக்கு எதிர்பார்ப்பதைவிடவும் குறைந்திருப்பதை அளந்து காட்டியது. பின்னர் அதே குழு, இளைத்தவர்களுக்கு லெப்டினைப் பழைய அளவுக்கு ஏற்றிக் கொடுத்தபோது அந்தச் சிக்கனம் பெருமளவு தணிந்தது. பருமனைக் குறைக்க உதவாத லெப்டின், குறைந்த எடையைக் காக்க உதவியது. மூளை அந்த ஹார்மோனின் வீழ்ச்சியைத்தான் கேட்கிறது என்பதற்கு இன்னொரு சான்று. 2011இல் மெல்போர்னிலிருந்து வந்த ஆய்வு, உணவுக் கட்டுப்பாட்டால் இளைத்தவர்களிடம் ஓராண்டு கழிந்த பின்னும் லெப்டின் தாழ்ந்தும், கிரெலினும் பசியும் உயர்ந்தும் இருப்பதைக் கண்டது.

செலவு குறைவதைவிடப் பசி கூடுவதே பெரிய சக்தி. இதை அளக்க ஹால் குழு 2016இல் ஒரு நூதன வழியைக் கண்டது. நீரிழிவுக்குத் தரும் கானக்ளிஃப்ளோசின் மாத்திரை, நாளுக்கு ஏறத்தாழ 360 கலோரி பெறுமான குளுக்கோஸைச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. சாப்பிடுபவருக்கு இந்த இழப்பு தெரியாது. உணவுக் கட்டுப்பாடும் இல்லை, மனக்கட்டுப்பாடும் இல்லை. எடை சில கிலோ குறைந்து நின்றுவிட்டது. ஏனென்று கணக்கிட்டபோது, இழந்த ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்குச் சுமார் 100 கலோரி அளவுக்குப் பசி கூடியிருந்தது. உடல் செலவில் மிச்சம் பிடிப்பது கிலோவுக்கு 20 முதல் 30 கலோரிதான். பத்து கிலோ இளைத்தவர் ஒவ்வொரு நாளும் எதிர்த்து நிற்க வேண்டியது கிட்டத்தட்ட 1,000 கலோரி பெறுமான பசியை. அதில் ஒருவர் தோற்றால், அவர் சோம்பேறி என்று சொல்ல எந்த அளவுகோலும் இடம் தராது.

உடலுக்கு நிலையான ஓர் எடைக்குறி உண்டா என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை. ஒற்றைக் குறி இருந்தால் சூழல் மாறும்போது மக்கள்தொகையே பருப்பதை விளக்க முடியாது. குறியே இல்லை என்றால் இளைத்தவரின் பசியை விளக்க முடியாது. ஜான் ஸ்பீக்மன் போன்றோர் இரண்டு எல்லைகளைச் சொல்கிறார்கள். கீழெல்லையைப் பட்டினி பயம் வகுத்தது, மேலெல்லையை வேட்டை விலங்குகளிடம் சிக்கும் பயம் வகுத்தது. மனிதர் வேட்டை விலங்குகளிலிருந்து தப்பியபின் மேலெல்லையைக் காக்கும் அழுத்தம் தளர்ந்துவிட்டது. இடைப்பட்ட வெளியில் எடை எங்கே நிற்கும் என்பதை மரபணுவும் சூழலும் தீர்மானிக்கின்றன. சான்றுகளோடு அதிகம் ஒத்துப்போவது இந்தப் பார்வைதான். ஆனால் புதிதாக எட்டிய உயர்ந்த எடையை மூளை ஏன் தன்னுடையதாக ஏற்று, அதையும் காக்கத் தொடங்குகிறது என்பதற்கு இதிலும் முழு விடை இல்லை.

மருந்துகள் சொல்லும் பாடம்

பசியை மருந்தால் அடக்கும் முயற்சியின் வரலாறு விபத்துகளால் நிறைந்தது. ஃபென்ஃப்ளூரமின் இதய வால்வுகளைக் கெடுத்ததால் 1997இல் திரும்பப் பெறப்பட்டது. கன்னபினாய்டு ஏற்பியை அடைத்த ரிமோனபேன்ட் 2006இல் ஐரோப்பாவில் வந்து, மனச்சோர்வை உண்டாக்கியதால் 2008இல் போயிற்று. பசியை அடக்க வந்த மருந்துகள் மனநிலையையும் இதயத்தையும் சேர்த்தே தொட்டுவிட்டதால் நேர்ந்தவை இவை.

திருப்பம் குடலிலிருந்து வந்தது. சாப்பிட்டபின் சுரக்கும் ஜிஎல்பி-1 ஹார்மோன் சில நிமிடங்களில் சிதைந்துவிடும். அதைப் போலவே வேலை செய்து, நெடுநேரம் நிலைக்கும் பொருளை 1992இல் ஜான் எங், கிலா மான்ஸ்டர் என்ற நச்சுப் பல்லியின் உமிழ்நீரில் கண்டார். அந்த வழியில் வளர்ந்தவைதான் இன்றைய ஊசிகள். செமாக்ளூடைடு 68 வாரத்தில் சராசரியாக 14.9 விழுக்காடு எடையைக் குறைத்தது (2021). டிர்செபடைடு அதிக அளவில் 72 வாரத்தில் 20.9 விழுக்காடு (2022). மூளைத்தண்டிலும் ஆர்க்குவேட்டிலும், இரத்தத் தடுப்பு தளர்ந்த இடங்களில் இவை போய்ச் சேர்கின்றன. குமட்டலும் அதே வட்டாரத்திலிருந்துதான் வருகிறது. ‘சாப்பாட்டு நினைப்பே ஓய்ந்துவிட்டது’ என்று பலர் சொல்வது, இந்த மருந்துகள் வயிற்றைவிட மூளையில்தான் அதிகம் வேலை செய்கின்றன என்பதோடு பொருந்துகிறது. மெலனோகார்ட்டின் வழித்தடத்தின் அரிய மரபணுப் பழுதுகளுக்கென்றே செட்மெலனோடைடு 2020இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கோல்மனின் எலிகளில் தொடங்கிய பாதையின் நேரடி விளைச்சல் அது.

இவை ஓர் எச்சரிக்கையையும் கொண்டுவந்தன. செமாக்ளூடைடை நிறுத்திய ஓராண்டில், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. மருந்து மூளையின் கணக்கைத் திருத்தவில்லை. அதன் அபாயக் குரலை அமுக்கி வைத்திருந்தது. கையை எடுத்ததும் குரல் எழுந்தது. இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் ஏறுவதை யாரும் நோயாளியின் குற்றமாகப் பார்ப்பதில்லை. இதையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

நமக்கு இதில் என்ன?

டிர்செபடைடும் எடைக்குறைப்புக்கான செமாக்ளூடைடும் 2025இல் இந்தியச் சந்தைக்கு வந்தன. சென்னை நீரிழிவு ஆய்வு நிறுவனம் முன்னின்று நடத்திய ஐசிஎம்ஆர்–இண்டியாப் ஆய்வின்படி (2023), நாட்டில் வயதுவந்தோரில் 28.6 விழுக்காட்டினர் பருமனானவர்கள், 39.5 விழுக்காட்டினருக்குத் தொந்தி, நீரிழிவுள்ளோர் 10.1 கோடி. புனேயில் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழு காட்டியபடி, நம் குழந்தைகள் ஐரோப்பியக் குழந்தைகளைவிட எடை குறைவாகப் பிறந்தும் கொழுப்பில் அவ்வளவு குறைவதில்லை. ஒல்லியாகத் தோன்றும் உடலுக்குள்ளேயே கொழுப்பு சேரும் மக்கள் நாம். தராசு முள்ளை மட்டும் பார்த்து அபாயத்தை எடைபோட முடியாது.

இந்த ஆய்வுகள் எல்லாம் சேர்ந்து ஒரு முன்னுரிமை வரிசையைத் தருகின்றன. எடை ஏறுவதை மூளை பலவீனமாகத்தான் தடுக்கிறது, ஏறியதை இறக்குவதையோ முழு பலத்தோடு எதிர்க்கிறது. ஆகவே ஏறும் முன் தடுப்பதே மலிவான வழி. அதன் இடம் பள்ளிக்கூட வாசல், தெருமுனைக் கடை, பாக்கெட்டின் முன்பக்க எச்சரிக்கை. தனிமனிதனின் சபதம் அல்ல. ஏற்கெனவே ஏறியவர்களுக்கு நீண்டகால மருத்துவம் வேண்டும். மூன்று மாதத் திட்டம் என்று விற்கப்படுவது எதுவானாலும், நான்காவது மாதம் மூளை என்ன செய்யும் என்பதற்கு அதில் பதில் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். சிறு வயதிலேயே அடங்காத பசியோடு பருக்கும் குழந்தைக்குத் திட்டுக்கு முன் மரபணுச் சோதனை தேவைப்படலாம்.

இதைச் சொல்வதால் உணவிலும் நடையிலும் கவனம் வீண் என்றாகாது. பசியின் அளவை மன உறுதி தீர்மானிப்பதில்லை. எந்தக் கடையைக் கடந்து வீட்டுக்குப் போவது, எதை வாங்கி அடுக்களையில் வைப்பது என்பவற்றை அது தீர்மானிக்கலாம். தட்டுக்கு முன் உட்கார்ந்தபின் மூளையோடு மல்லுக்கட்டுவதைவிட, அந்தத் தட்டில் என்ன வரும் என்பதை முன்பே முடிவு செய்வதில்தான் மனிதருக்குக் கொஞ்சம் அதிகாரம் மிஞ்சியிருக்கிறது. அந்த அதிகாரம் கூட, வாங்கக்கூடிய விலையில் நல்ல உணவு கிடைக்கும் ஊரில்தான் செல்லும். அதனால்தான் பருமன் மருத்துவரின் அறையில் தொடங்கும் கேள்வி அல்ல, அங்கே முடிந்துவிடும் கேள்வியும் அல்ல.